ஒரே பூட்டு

பல் டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு, வாய் மரத்துப்போகட்டும் என்று காத்திருந்தபோது என் கால்சட்டைப் பையில் ஏதோ தொடையைக் குத்தியது.

கையை விட்டு எடுத்தேன். சாவி.

முதலில் சிரிப்புதான் வந்தது. கப்பலின் பெல்ட்டைப் பூட்டிவிட்டுச் சாவியோடு கரையிறங்கி வந்திருக்கிறேன்.

எங்களுடையது ஜல்லி ஏற்றும் கப்பல். சரக்குக் கிடங்குக்கு அடியில், ஆள் குனிந்து போகிற உயரத்தில் நீளமாக ஒரு சுரங்கம். அதில்தான் ஜல்லியை வெளியே கொண்டுபோகும் பெல்ட் ஓடும். ஜல்லி சிக்கிக்கொண்டால் உள்ளே போய்ச் சுரண்ட வேண்டும். போகிற ஒவ்வொருவனும் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை பேர் உள்ளேயோ அத்தனை பூட்டு. கடைசிப் பூட்டைக் கழற்றிய பிறகுதான் பெல்ட்டை ஓட்டலாம்.

இதை ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும், மீறுகிறவனைத் தொண்டை கிழியத் திட்டுவதும் என் பொறுப்பு.

காலையில் நானும் மச்சினனும் உள்ளே இருந்தோம். என் கன்னம் எலுமிச்சம்பழத்தை அடக்கிக்கொண்ட மாதிரி வீங்கி, வலியில் உயிர் போனது. நான் மட்டும் வெளியே வந்தேன். கார் நிற்கிறது, ஓடு என்றார்கள். அப்படியே ஓடிவந்துவிட்டேன்.

போகட்டும், பூட்டை வெட்டிக்கொள்வார்கள். நான் கரையில் இருப்பதுதான் எல்லோருக்கும் தெரியுமே.

அப்புறம்தான் நினைவு வந்தது.

சுவிட்சில் தொங்கியது என் பூட்டு மட்டும்தான்.

மச்சினன் தன் பூட்டை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். "ரெண்டு பேரும் ஒண்ணாதானே மாமா போறோம், ஒரு பூட்டு போதாதா?" என்று இளித்தான். வேறு எவனாவது சொல்லியிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். இவன் மனைவியின் தம்பி. சரி, தொலை என்று விட்டுவிட்டேன்.

நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். டாக்டரம்மா பயந்து பின்வாங்கினார்.

மச்சினனுக்குப் போன் போட்டேன். ரிங் போகவில்லை. சுரங்கத்துக்குள் சிக்னல் கிடைக்காது என்று எனக்கே தெரியும். ஆனாலும் திரும்பத் திரும்பப் போட்டேன்.

இன்ஜினியரும் எடுக்கவில்லை. அந்தச் சின்ன அறையில் நாற்காலிக்கும் கதவுக்கும் நடந்தேன். உட்காரச் சொன்னார்கள். எப்படி உட்காருவது? மனைவிக்குத் தம்பி என்றால் உயிர். அவனைக் கப்பலில் சேர்த்துவிட்டதே நான்தான். அவனுக்கு ஒன்று ஆகிவிட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுப் படி ஏறுவேன்?

ஒருவழியாக இன்ஜினியர் எடுத்தார். கத்தினேன். மரத்துப்போன வாயிலிருந்து கொழகொழவென்று சத்தம்தான் வந்தது.

"என்னய்யா, பட்டப்பகல்லயே ஊத்திக்கிட்டியா?" என்று சிரித்தார்.

மேசையிலிருந்த மருந்துச் சீட்டைப் பிடுங்கிக் கிறுக்கினேன். ஸ்பீக்கரைப் போட்டு, போனை டாக்டரம்மா கையில் திணித்தேன். அவர் வாசித்தார்.

"மச்சினன் உள்ள இருக்கானாம். பெல்ட்டை ஓட்டாதீங்கன்னு சொல்றாரு."

"அட, அதுக்கா இந்தப் பாடு?" என்றார் இன்ஜினியர். "அவன் அப்பவே கரையிறங்கிட்டான், நானே பார்த்தேன். உன் பூட்டைத்தான் இப்ப வெட்டினோம். உள்ள யாராவது இருக்காங்களான்னு குரல் குடுத்தேன், பதில் இல்ல. ஆனாலும் ஒரு சின்ன சந்தேகம் இருந்துச்சு. இப்ப அதுவும் தீர்ந்துச்சு. நீ நிம்மதியா பல்லைப் புடுங்கிக்கிட்டு வா."

வைத்துவிட்டார்.

தொப்பென்று நாற்காலியில் விழுந்தேன். அழுகை வந்துவிட்டது, வெட்கமே இல்லாமல் அழுதேன்.

கதவு திறந்தது. மச்சினன். கையில் என் பர்ஸ்.

"காசு இல்லாம வந்துட்டீங்களே மாமா, புடுங்கின பல்லையே அடகு வைக்கப்போறீங்களா?"

போனில் சார்ஜ் இல்லையாம். பாவி. முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். பிறகு இழுத்துக் கட்டிக்கொண்டேன். எதற்கு அடி, எதற்கு அணைப்பு என்று தெரியாமல் அவன் விழித்தான். டாக்டரம்மா சிரித்தார்.

"வேலையை அம்போன்னு விட்டுட்டு வந்தேன்னு திட்டாதீங்க" என்றான். "பாட்டுக்காரரை உள்ள அனுப்பிட்டுத்தான் வந்தேன்."

பாட்டுக்காரர் எங்கள் கூட்டாளி. காதில் பாட்டை மாட்டாமல் சுரண்டியைத் தொட மாட்டார். பக்கத்தில் இடி விழுந்தாலும் அவருக்குக் கேட்காது.

அவர் தன் பூட்டைப் போட்டாரா என்று கேட்டேன். வாய் குழறியது. ஆனாலும் அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

இன்ஜினியருக்கு மறுபடியும் போன் போட்டேன்.

மணி அடித்துக்கொண்டேயிருந்தது. பெல்ட் ஓட ஆரம்பித்துவிட்டால் அங்கே போன் அடிப்பது யாருக்கும் கேட்காது.