கத்திரிக்காய் நிறத்து முகம்

முதலாளிக்கு அட்டைப் படத்தில் இருந்த பச்சை நாய் பிடித்திருந்தது. ஆரஞ்சு வானமும் பிடித்திருந்தது. நடுவில் கத்திரிக்காய் நிறத்தில் ஒரு சிறுமி சிரித்துக்கொண்டிருந்தாளே, அவள்தான் கண்ணை உறுத்தினாள்.

“முகத்த மட்டும் கொஞ்சம் வெளுத்துடும்மா. புள்ள பளிச்சுன்னு இருந்தாத்தான் புத்தகம் போகும்.”

குழந்தைகள் புத்தகம் போடும் அந்த அலுவலகத்தில் இது வழக்கமான பேச்சு. எந்தப் படம் வந்தாலும் அச்சுக்குப் போகும் முன் முகத்துக்கு ஒரு வெள்ளையடிப்பு உண்டு. ஓவியர்களைத் தேடிப் பிடிப்பது வடிவமைப்பாளரின் வேலை. வெள்ளையடிப்பதும் அவள் தலையில்தான்.

இந்த ஓவியரைக் கண்டுபிடிக்க அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கண் பூத்துப்போகும்வரை போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்திருந்தாள். தேடத் தேட ஒரு கூட்டமே அகப்பட்டது. ஒருத்தி ஊதா நிறத்தில் ஆடுகளை மேயவிட்டிருந்தாள். ஒருவன் மழையைச் சிவப்பாகப் பெய்யவைத்திருந்தான். இத்தனை நாள் இவர்களெல்லாம் எங்கே இருந்தார்கள் என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

வீட்டில் அவள் மகள், அம்மாவைப் போலவே நல்ல கறுப்பு. அம்மா செய்த புத்தகங்களைப் புரட்டிவிட்டு, இதில் நான் எங்கே என்று கேட்பாள்.

இந்த முறை அதற்குப் பதில் சொல்லியே தீருவது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். வேலை போனால் போகட்டும்.

“வரைஞ்சவங்க சம்மதம் இல்லாம நிறத்தத் தொடக்கூடாது சார். ஒப்பந்தத்துல இருக்கு.”

அந்த வரியைச் சேர்த்ததே அவள்தான். முதலாளி படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். நாளைக் காலை அச்சு ஏற வேண்டும்.

போனை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி போட்டாள். வரைந்தவள் முடியாது என்றாள். வேறு ஆளைப் பிடி என்றார் முதலாளி. ஆடு வரைந்தவளை அழைத்தாள். வரைந்து தருகிறேன், ஆனால் முகம் அதே நிறம்தான் என்றாள் அவள். சிவப்பு மழைக்காரன் அதையே இன்னும் கொஞ்சம் காரமாகச் சொன்னான்.

முதலாளிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. அவளோ ஒன்றும் அறியாத பாப்பா போல உட்கார்ந்திருந்தாள்.

“நம்ம ரோஜாக்காரரக் கூப்பிடு.”

அவள் தயங்கித் தயங்கி எண்ணை அழுத்தினாள். ரோஜாக்காரர் நிறுவனத்தின் ஆஸ்தான ஓவியர். காக்கையை வரையச் சொன்னாலும் கன்னத்தில் ரோஜா நிறம் தடவிவிடுவார் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். முதலாளியின் சொல்லை அவர் தட்டியதே கிடையாது.

முதலாளி தன் கையாலேயே படத்தை அனுப்பினார். முகத்தை மட்டும் மாற்றினால் போதும், இன்றைக்கே வேண்டும், ஒப்பந்தத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

முதலாளி சாவகாசமாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“இந்த முகத்துல நான் கை வைக்க மாட்டேன். வேற யாரும் வைக்கவும் வேண்டாம்” என்றார் ரோஜாக்காரர்.

முதலாளி போனையே வெறித்துப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, எல்லாரையும் நீதான் கூட்டுச் சேர்த்து வைத்திருக்கிறாய் என்று பல்லைக் கடித்தார்.

அவள் படத்தை அப்படியே, ஒரு புள்ளிகூட மாற்றாமல், அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

அவர் சொன்னது முக்கால்வாசி உண்மை. மற்ற மூவரிடமும் நேற்றே பேசி வைத்திருந்தாள்.

ரோஜாக்காரரிடம் மட்டும் பேசவே இல்லை.