வலது முன்னங்கால்

சகாயமேரி வளர்க்கும் நாய் பூரியின் வலது முன்னங்கால் பைக் ஏறி நசுங்கியது. அதை எடுத்துவிட்டு, செத்துப்போன வேறொரு நாய்க்குப் போட்டிருந்த இயந்திரக் காலைப் பொருத்தினார்கள். "நடந்து பழகின காலும்மா, நாம சொல்லிக்குடுக்க வேண்டாம்" என்றார் டாக்டர். அவர் சொன்னபடியே ஒரே வாரத்தில் பூரி ஓடியது. சகாயமேரிக்குத்தான் நிம்மதி போயிற்று.

சந்தைக்கோ கடற்கரைக்கோ, எங்கே கிளம்பினாலும் அந்தக் கால் மேலத்தெருப் பக்கமே திரும்பியது. முகம் ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பூரி தடுமாறியது.

இன்று அவளால் இழுத்து நிறுத்த முடியவில்லை. ஒரு பச்சைக் கேட்டின் முன்னால் போய் நின்று, அந்தக் கால் கதவைப் பிறாண்டியது.

கதவைத் திறந்த மனிதர் பூரியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. "எங்க ஜிம்மி இப்படித்தான் பிறாண்டுவான்" என்று அந்தக் காலையே பார்த்தார்.

மேரி சங்கிலியைச் சுருட்டிப் பிடித்தாள். "இது எங்க பூரிங்க. நாங்க வாறோம்."

"ஒரே ஒரு தடவ கூப்பிட்டுக்கிடுதேன்மா." அவர் குத்தவைத்துக் கையை நீட்டினார். "ஜிம்மி, கை குடுடா."

அந்நிய ஆளைக் கண்டு மிரண்ட பூரி, உறுமிக்கொண்டே மேரியின் சேலையில் முகத்தைப் புதைத்தது. வலது முன்னங்கால் மட்டும் மெல்ல உயர்ந்து, அவர் உள்ளங்கையில் போய் அமர்ந்தது.