ஊரிலை எவடம்?

பதினெட்டு நாட்களாகப் பிரியந்தினி வகுப்பில் வாய் திறக்கவில்லை. வெளிநாட்டு வேலை என்று ஏமாற்றிக் கடத்தப்பட்டு, மீண்டு வந்தவர்களுக்கான வேலைப் பயிற்சி அது. மறுநாள் ஒரு தொலைபேசிச் சேவை நிலையத்தில் அவளுக்கு நேர்முகம். அவளைக் கேளாமலே ஏற்பாடு செய்தது, பயிற்சி ஆசிரியையான நான்.

"நான்தான் கனடாவிலை இருக்கிற வாடிக்கையாளர். சரியான கோபத்திலை இருக்கிறன். சமாளியும் பாப்பம்," என்று ஒத்திகையைத் தொடங்கினேன்.

கைபேசியைக் காதில் வைத்ததும் அவளுடைய குரலே மாறிவிட்டது.

"வணக்கம் அம்மா, சாப்பிட்டியளே? நீங்கள் ஊரிலை எவடம்?"

"வட்டுக்கோட்டை."

"அப்பிடியே? என்ரை அம்மாவும் வட்டுக்கோட்டைதான். இப்ப அங்கை நல்ல மழை."

அவளுடைய குடும்பம் முழுக்கக் குருநகர். அது தெரிந்தும் என் மனம் இளகியது. அவள் கேட்க, என் உண்மையான வங்கி அட்டை இலக்கத்தில் பாதியைச் சொன்ன பிறகுதான் சுதாரித்தேன்.

"நாளைக்கும் உப்பிடியே கதையும். வேலை உமக்குத்தான்," என்று சிரித்தேன்.

அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். "எனக்கு உந்த வேலை வேண்டாம் மிஸ். தையல் ஏதும் பாருங்கோ."

"இவ்வளவு நல்லாக் கதைக்கிறீர். ஆர் பழக்கினது?"

கேட்டிருக்கக் கூடாது.

"மியன்மாரிலை எங்களைப் பூட்டி வைச்சவங்கள். கதைக்காட்டி அடி, சாப்பாடும் இல்லை. எங்கடை சனத்தைப் போனிலை ஏமாத்திக் காசு பறிக்கத்தான் என்னைக் கதைக்க விட்டவங்கள். ஒரு ஐயா, வட்டுக்கோட்டை. ஊர்ப் பிள்ளை எண்டு நம்பி இருந்ததெல்லாம் அனுப்பிப்போட்டு, 'நீ சாப்பிட்டியோ பிள்ளை' எண்டு கேட்டவர் மிஸ்."