ஒயரு எத்தினி அடி?

"அதெல்லாம் கெடக்கட்டும் தம்பி. ஒயரு எத்தினி அடி?"

வேதநாயகம் இதைக் கேட்பது மூன்றாவது தடவை. மிஷின் விற்க வந்த பாரத் கேட்லாக்கை மடக்கிவிட்டுச் சிரித்தான்.

"அண்ணே, குளத்துல உப்பைப் போட்டா போதும். இந்த மிஷின் அந்தத் தண்ணியிலேர்ந்து தானே குளோரின் எடுத்துக்கும். தினம் பவுடர் கொட்ட வேணாம், கண்ணு எரியாது. உள்ள டைட்டானியம் தகடு. போன்லயே ஆன், ஆஃப். இவ்ளோ சொல்றேன், நீங்க ஒயரைப் புடிச்சுக்கிட்டுத் தொங்கறீங்களே!"

"அவன் அப்படித்தான் தம்பி. நீங்க எனக்குச் சொல்லுங்க" என்றார் வீட்டுக்காரர் ஜெயராம்.

வேளச்சேரியில் ஜெயராமின் மாடி வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் கட்டி முடிந்திருந்தது. நீல டைல்ஸ் வெயிலில் பளபளத்தது. அடுத்த மாதம் ஒரு கம்பெனி அந்த வீட்டை கெஸ்ட் ஹவுஸாக எடுத்துக்கொள்கிறது. குளம் இருக்கிறது என்பதால்தான் வருகிறார்கள்.

பள்ளம் தோண்டியது, மண் சுமந்தது, பைப் போட்டது எல்லாம் வேதநாயகம்தான். ஐம்பத்தைந்து வயது. மூட்டை தூக்கித் தூக்கி முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. "வேலை முடிஞ்சதும் குளத்தைப் பாத்துக்கற வேலை உனக்குத்தான்" என்று ஜெயராம் சொல்லியிருந்தார். வலையால் இலை அள்ளலாம், உப்புப் போடலாம், நிழலில் உட்காரலாம். இனி சிமெண்ட் மூட்டை கிடையாது. அந்த ஒரு பேச்சை நம்பி நாலு மாதம் ஓடியிருக்கிறது.

பாரத் இரண்டு மாடலைக் காட்டினான்.

"ரெண்டுமே எழுபதாயிரம் லிட்டர் வரைக்கும் தாங்கும் சார். உங்க குளம் ஐம்பதாயிரம். கொஞ்சம் பெருசா வாங்கினா மிஷின் திணறாம ஓடும். இது கலர் லைட்டோட வருது, மிஷின்லேர்ந்து கரண்ட் பொட்டிக்குப் போற ஒயர் ஆறடி. பம்ப்புக்குப் பக்கத்துலயே பொட்டியை மாட்டிடலாம். அதுல லைட் கெடையாது. ஒயர் பதினஞ்சடி."

"கலர் லைட்டே போடுங்க."

"வேணாம் சார்" என்றார் வேதநாயகம். "பதினஞ்சடியே வாங்குங்க. பொட்டியை சன்ஷேடுக்கு மேல மாட்டணும்."

"ஏன், அது என்ன பரண்ல தூக்கிப் போடற அண்டாவா?" என்றார் ஜெயராம்.

"மழைத் தண்ணி வந்துச்சுன்னா? பம்ப்பு முழுகினா உள்ள காயிலை மாத்திக் கட்டி ஓட்டிக்கலாம். பொட்டி முழுகினா தூக்கித்தான் போடணும். தண்ணில நின்னுக்கினு அதுல கை வைக்கப்போறதும் நான்தான் சார்."

ஜெயராமின் முகம் மாறியது. வேளச்சேரியில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் யாரிடம் கேட்டாலும், வெள்ளம் வந்தது பக்கத்துத் தெருவில்தான்.

"இது மேட்டுத் தெருப்பா. இருபது வருஷமா இங்க இருக்கேன். வாசப்படி நனைஞ்சது கெடையாது. தண்ணியெல்லாம் அடுத்த தெருவுல."

பாரத் அண்ணாந்து பார்த்தான். "பால்கனி கம்பி ஏன் சார் இப்படி வளைஞ்சிருக்கு?"

"பெயிண்ட் அடிச்சப்ப சாரம் இடிச்சுது" என்றார் ஜெயராம் சட்டென்று.

வேதநாயகமும் கம்பியைப் பார்த்தார்.

"இங்க பாரு, இனிமே பொட்டியைப் பத்திப் பேசினியானா குளத்துக்கு வேற ஆள் பாத்துக்கறேன். வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சார். எனக்கு முன்னாடி என் முட்டி ரெண்டும் கேக்குது. ஆனா பொட்டி மேலதான் இருக்கணும்."

"எவ்ளோ மேல? மொட்டை மாடியிலயா?"

வேதநாயகம் ஏணியைச் சாத்தி, ஒவ்வொரு படியாக ஏறினார். டேப் வைத்து அளக்கவில்லை. சன்ஷேடுக்கு ஒரு சாண் மேலே பென்சிலால் கோடு இழுத்தார்.

"இங்க. இதுக்கு ஒரு வெரல் கீழ போனாலும் ஆவாது."

"நேத்து வந்து அளந்துட்டுப் போன மாதிரி சொல்றாரே சார்!" என்று பாரத் சிரிக்கும்போதே அவனுடைய போன் அடித்தது. பேசிக்கொண்டே கேட் பக்கம் நடந்தான்.

அவன் தள்ளிப் போகும்வரை காத்திருந்துவிட்டு ஜெயராம் ஏணிக்குப் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாருய்யா உனக்குச் சொன்னது? எதிர்வீட்டுக்காரனா? கம்பெனிக்காரங்க காதுல விழுந்தா ஒருத்தன் வருவானா இந்த வீட்டுக்கு?"

"யாரும் சொல்லல சார்."

வேதநாயகம் இறங்கி வந்து, ஏணியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"பத்து வருஷம் முன்னாடி, டிசம்பர் மாசம். எங்க குப்பத்துலேர்ந்து போட்டை லாரில ஏத்திக்கினு வந்தோம். தண்ணி இந்தக் கோட்டுக்கு ஒரு சாண் கீழ நின்னுச்சு. அந்தக் கம்பிலதான் போட்டு கயித்தைக் கட்னேன், தண்ணி இழுத்த இழுப்புல வளைஞ்சு பூட்ச்சு. தலையில கோணி போட்டுக்கினு இருந்தேன், அதான் உங்களுக்கு அடையாளம் தெரியல. என் தோள் மேல கால வச்சுதான் சார் நீங்க போட்ல எறங்குனீங்க."

பாரத் போனை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். "சார், கலர் லைட்டே எழுதிடட்டுமா?"

"பதினஞ்சடி ஒயரே எழுதுங்க தம்பி" என்றார் ஜெயராம், வளைந்த கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஐயா போட்ட கோட்டுலயே மாட்டுங்க. இனிமே குளத்தை இவர்தான் பாத்துக்கப்போறாரு."