ஜோடி இல்லாத நட்சத்திரம்

கிழட்டு நட்சத்திரம் எக்ஸ் கதிரைக் கொட்டினால், பக்கத்தில் ஒரு ஜோடி இருந்து அதை வேகமாகச் சுழற்றுகிறது என்று அர்த்தம். ஆய்வுக்கூடத்தில் இதில் பேரமே கிடையாது. அவர்கள் ஆராய்ந்த கிழட்டு நட்சத்திரக் கொத்தில் ஒன்று மட்டும் தனியாக நின்று கொட்டியது.

“ஒத்தைச் செருப்பை யார் வாங்குவா? கட்டுரையிலேர்ந்து தூக்கிடுங்க மேடம்,” என்றான் உடன் ஆய்வு செய்யும் சேவியர்.

தெய்வானை தூக்கவில்லை. கணவரின் காரியம் முடிந்த மறுவாரமே வேலைக்கு வந்து, இளவட்டங்களைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தவள். கல்நெஞ்சு என்பது கேன்டீனின் தீர்ப்பு.

“ஜோடி இருக்கு சேவியர். செத்த நட்சத்திரம். வெளிச்சம் போயிடுச்சு, இழுப்பு போகல.”

“சரி, இருக்குன்னே வெச்சுக்குவோம். எவ்வளவு தூரத்தில இருக்கும்?”

அவள் திரையைப் பார்க்கவில்லை.

“ரொம்பக் கிட்டத்தில,” என்றாள்.