செம்பு வலைக்கு ஒரு கடிதம்

தேர்வுக் கேள்வித்தாள் தயாராகும் அறையில் இருந்த கம்ப்யூட்டர் திரைக்கு, ரகசியம் காப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு. கதவுக்கு இரண்டு பூட்டு, ஜன்னலுக்குக் கனத்த துணி, இன்டர்நெட் கிடையாது.

"நீ எழுத்தைக் காட்டும்போதெல்லாம் உன்கிட்டேருந்து அலை கிளம்புது. எனக்குள்ள இரையுது. அதைப் பிடிச்சா எழுத்தையே படிச்சுடலாம். எதிர்வீட்டு ஆன்டெனாவுக்கும் கேக்குமே," என்றது மேஜை ரேடியோ.

"நான் வாயே திறக்கறதில்லையே," என்றது திரை.

அந்த இரைச்சலில் அதிகாரி செண்பகவல்லிக்கும் சந்தேகம் தட்டியது. அலை வெளியே போகாமல் செவ்வாய்க்கிழமையே அறையைச் சுற்றிச் செம்பு வலை அடிக்கச் சொல்லி உடனே கடிதம் தயாரித்தார், அதே திரையில். திரைக்கு அப்போதுதான் நிம்மதி.

எதிர்வீட்டு ஆன்டெனா, தன்மேல் உட்கார்ந்திருந்த காக்கையிடம் சொன்னது: "செவ்வாய்க்கிழமை வலை அடிக்கறாங்களாம். அதுக்குள்ள மிச்சக் கேள்வியும் வந்துடும்."