கொக்கிச் சுரம்

இசையமைப்பாளருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் சுரத்தை எழுத அவர் ஒரு குறி கண்டுபிடித்திருந்தார்: தலையில் சின்னக் கொக்கி. அதைக் கல்லூரிப் பாடத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று சொல்லப்போகும் பேராசிரியர் இதோ சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்.

கூடத்தில் இரண்டு பியானோ. கொக்கிச் சுரங்களுக்காகவே இரண்டாவதன் சுருதியைப் போன வாரம் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் புரியவா போகிறது? முதலாவதில் அவர் உட்கார்ந்தார், இரண்டாவதில் மச்சினி.

"அத்தான், அக்கா நேத்து..."

"அக்கா கதையெல்லாம் அப்புறம். வாசி!"

வாசித்தார்கள். பாதியில் அவர் துள்ளி எழுந்தார்.

"சார், கேட்டீங்களா? இப்ப வந்துச்சே, அதான் கொக்கி!"

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். "அடடா, புல்லரிக்குது! சாதாரணக் காதுக்கு இதெல்லாம் எட்டவே எட்டாது."

"தொண்டை கிழியக் கத்தறேன், சார். இந்த வீட்ல ஒருத்தருக்கும் காதே இல்லை!"

அப்போது காபித் தட்டோடு வந்தாள் மனைவி.

"இப்பவாவது நல்லா கேக்குதா? அந்த ரெண்டாவது பியானோ ஒரேயடியா அபஸ்வரம். பெரிய மனுஷர் வர்ற நேரத்துல மானம் போகக் கூடாதேன்னு, நேத்து நீங்க வெளிய போனதும் ஆளை வரவழைச்சு, ரெண்டையும் ஒரே சுருதியில சேர்த்து வச்சுட்டேன்."

காபிக்கு நீண்ட பேராசிரியரின் கை பாதியில் நின்றது.

மச்சினி விரல்களை மறுபடி கட்டைமேல் வைத்தாள்.

"அத்தான், அந்தக் கொக்கியை இன்னொரு தடவை வாசிக்கட்டுமா?"